இரும்பு ஊசிக்கு முன்பு ஹோடினோஷோனி மக்களுக்குப் பச்சைகுத்தத் தெரியாதா?

ஏரிக்கரை:
வட அமெரிக்கப் பழங்குடிகள் பற்றிய இழையில் நேற்று கல்வெட்டு என்ற உறுப்பினர் இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "ஹோடினோஷோனி பச்சைகுத்து ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்த இரும்பு ஊசியால் பிறந்தது. அதற்கு முன்பு அவர்கள் உடம்பில் சாயம் பூசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அங்கே பதில் எழுதினால் நூறு பதிவுகளுக்கு அடியில் புதைந்துவிடும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்கு: மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா ஆகிய ஐந்து நாடுகளும், 1722 வாக்கில் வந்து சேர்ந்த டஸ்கரோராவும் சேர்ந்த கூட்டமைப்புதான் ஹோடினோஷோனி. பழைய நூல்களில் இரோக்குவா என்று இருக்கும். நியூயார்க் மாநிலம், ஒண்டாரியோ, கியூபெக் ஆகிய இடங்களில் இன்றும் வாழ்கிறார்கள்.

1710 ஏப்ரலில் மோஹாக் தலைவர்கள் மூவரும் மஹிகன் என்ற அண்டை இனத்தவர் ஒருவரும் லண்டனுக்குப் போய் ஆன் அரசியைச் சந்தித்தார்கள். அரசி ஜான் வெரெல்ஸ்ட் என்ற ஓவியரை அழைத்து நால்வரையும் வரையச் சொன்னார். அந்த ஓவியங்கள் இன்று கனடாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் கரடிக் குலத்தவர். பின்னாளில் புகழ்பெற்ற மோஹாக் தலைவர் ஜோசப் பிராண்ட்டின் பாட்டனார் என்று வழிவழியாகச் சொல்லப்படுபவர். கையில் துப்பாக்கி, தோளில் சிவப்புப் போர்வை, அருகில் குலத்தைச் சொல்லும் கரடி. முகத்திலும் மார்பிலும் கருங்கோடுகள். நின்று பாருங்கள்: போர்வை அவருடைய உடைமை அல்ல, லண்டனில் கொடுத்தது. துப்பாக்கியும் ஐரோப்பாவில் செய்தது. அந்தப் படத்தில் முழுக்க முழுக்க அவருக்கே சொந்தமானது அந்தத் தோலும் அதன்மேல் இருக்கும் கோடுகளும்தான். அதையும் வணிகர் கணக்கில் எழுதிவைக்கிறார் கல்வெட்டு.

கல்வெட்டு:
1710. தேதியைத் தாங்களே கொடுத்துவிட்டீர்கள், நன்றி. பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன் மோஹாக் வீரர்களைச் சுட்டது 1609. டச்சுக்காரர்கள் இன்றைய ஆல்பனியில் ஃபோர்ட் ஆரஞ்சு கட்டியது 1624. ஊசியும் கத்தரிக்கோலும் கோடரியும் அந்த மக்களின் கைக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறை கடந்த பிறகு வரைந்த ஓவியத்தை எடுத்துவந்து, "இதோ தொல்மரபு" என்றால் எப்படி?

என் கேள்வி எளியது. எலும்பு ஊசி ஒன்றைக் காட்டுங்கள். ஹோடினோஷோனி மண்ணில் கிடைத்தது, பச்சைகுத்தப் பயன்பட்டது என்று உறுதியானது. ஒன்று போதும்.

ஏரிக்கரை:
காட்டுகிறேன். கேப்ரியல் சகார் என்ற பிரெஞ்சுத் துறவி 1623-24இல் ஹோடினோஷோனியின் அண்டை மக்களான ஹியூரான்களிடையே தங்கியிருந்தார். பறவை எலும்பையோ மீன் எலும்பையோ சவரக்கத்தி போலத் தீட்டி, செப்புத் தகட்டில் உளியால் செதுக்குவதைப் போல உடம்பில் உருவங்களைக் கீறி, கருநிறப் பொடியைத் தேய்த்துவிடுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குறி சாகும்வரை அழியாது என்கிறார். எலும்பு, கல்வெட்டு ஐயா. எலும்பு! அதுவும் இரும்பு கிடைக்கத் தொடங்கிய பிறகும் எலும்பு. போதுமா?

கல்வெட்டு:
போதாது. சகார் யாரைப் பற்றி எழுதினார்? பெட்டூன் போன்ற அண்டை மக்களைப் பற்றி. பெட்டூன் வாழ்ந்தது ஒண்டாரியோவில், ஜார்ஜியன் விரிகுடாப் பக்கம். அவர்களை 1649-50இல் அடித்து விரட்டியவர்களே ஹோடினோஷோனிதான். எதிரியின் எலும்பைக் காட்டி வென்றவனின் மரபை நிறுவுகிறீர்களா?

எலும்பு ஊசி ஒன்றைக் காட்டுங்கள். ஹோடினோஷோனி எலும்பு ஊசி.

மேப்பிள்நிழல்:
இருவரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். "மரபு" என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசிவிட்டால் நன்றாக இருக்குமே? கருவியையா, உருவத்தையா, குத்திக்கொள்ளும் காரணத்தையா?

கல்வெட்டு:
இலக்கணம் பிறகு வகுக்கலாம் நண்பரே. முதலில் ஊசி.

ஏரிக்கரை:
மேப்பிள்நிழல், அவருக்கு அதெல்லாம் வேண்டாம். போன ஆண்டு வாம்பம் என்னும் சிப்பி ஓட்டு மணி பற்றிய இழையிலும் இதே வேலையைத்தான் செய்தார். மறந்தவர்களுக்கு நினைவூட்டுகிறேன். "ஐரோப்பியத் துளைக்கருவி வந்த பிறகுதான் நீண்ட குழல் மணிகள் பெருகின, ஆகவே வாம்பம் பட்டை கலப்புப் பொருள்" என்று நான்கு பக்கம் எழுதினார். துளைபோட்ட கருவி இரும்பு என்பது உண்மைதான். அதனால் ஐந்து நாடுகளின் ஒப்பந்தத்தைச் சொல்லும் ஹயவாதா பட்டை டச்சுக்காரருடையதாகிவிடுமா? நியூயார்க் மாநில அருங்காட்சியகம் 1989இல் அந்தப் பட்டைகளை ஒனொண்டாகா மக்களிடம் திருப்பிக் கொடுத்தபோது, துளைக்கருவிக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டா கொடுத்தது?

பெட்டூன் பற்றி. பெட்டூன், ஹியூரான், நியூட்ரல், ஹோடினோஷோனி எல்லோரும் ஒரே மொழிக்குடும்பம். பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீள்வீடு, சோளம், தாய்வழிக் குலம் என்று வாழ்க்கை முறையும் ஒன்றே. போரில் பிடிபட்டவர்களைக் கொன்று தீர்த்துவிடவில்லை. ஆயிரக்கணக்கானவர்களைக் குடும்பங்களுக்குள் சேர்த்து, இறந்தவர்களின் பெயரைக் கொடுத்து, மகனாகவும் மகளாகவும் வைத்துக்கொண்டார்கள். பெட்டூன் பெண்ணொருத்தி ஒனொண்டாகா வீட்டில் தாயாகிறாள். அவள் கைக்குத் தெரிந்தது எந்த நாட்டு மரபு? எல்லையில் சுங்கச்சாவடி வைத்திருந்தார்களா?

கல்வெட்டு:
ஆக, 1650க்குப் பிறகு கைதிகள் வழியாகப் பச்சைகுத்து வந்தது என்கிறீர்கள். ஏற்கிறேன். அப்படியென்றால் அதற்கு முன்பு ஹோடினோஷோனியிடம் இல்லை.

ஏரிக்கரை:
நான் அப்படிச் சொல்லவே இல்லை! என் வாயில் சொற்களைத் திணிக்காதீர்கள்.

வேம்படி:
உடம்பில் எழுதுவது நம்மவர்களுக்குப் புதிதா? சங்கப் பாடல்களில் தொய்யில் வருகிறதே. மகளிர் தோளிலும் மார்பிலும் எழுதிக்கொண்டார்கள். அது குழம்பால் எழுதுவது, குத்துவதல்ல. அதுபோல ஹோடினோஷோனி மக்களும் முதலில் எழுதியிருக்கலாம், பின்னர் குத்தியிருக்கலாம். கல்வெட்டு ஐயா சொல்வதில் பொருள் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஏரிக்கரை:
தொய்யிலுக்கும் மோஹாக் பள்ளத்தாக்குக்கும் என்ன உறவு? அமெரிக்கப் பழங்குடி பற்றி எந்த இழை திறந்தாலும் மூன்றாவது பதிவுக்குள் சங்க இலக்கியத்தை இழுத்து வந்துவிடுகிறீர்கள். அந்த மக்களைப் பற்றி அவர்களுடைய இடத்தில் வைத்துப் பேச இயலாதா?

வேம்படி:
ஒப்பிட்டுப் பார்ப்பது குற்றமா? தமிழ்த் தளத்தில் தமிழ் இலக்கியத்தைப் பேசக்கூடாது என்று எப்போது சட்டம் வந்தது? தங்கள் அனுமதி பெற்றுத்தான் இனி எழுத வேண்டும் போலிருக்கிறது.

தூரிகை:
வணக்கம். பச்சைகுத்துவது என் தொழில். டொராண்டோவில் கடை வைத்திருக்கிறேன். ஊசி பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், ஊசி பிடிப்பவன் சொல்வதையும் கேளுங்கள்.

எலும்பால் குத்த முடியும், அருமையாகவே முடியும். அமெரிக்காவின் டென்னசியில் ஃபெர்ன்வேல் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த வான்கோழிக் கால் எலும்புகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்து 2021இல் முடிவு வெளியிட்டார்கள். கூரான முனையில் கறுப்பும் சிவப்புமாக நிறமியின் தடயம், தோலில் திரும்பத் திரும்ப இறங்கியதால் வரும் தேய்மானம். தோல் தைக்கும் ஊசி துளைத்துக்கொண்டு மறுபுறம் போக வேண்டும், ஆகவே அதன் தேய்மானம் நீளமாக இருக்கும். பச்சைகுத்தும் ஊசி ஓரிரு மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். நுனி மட்டும் மெருகேறும். அந்த எலும்புகளுக்கு வயது 3,500 ஆண்டுகளுக்கும் மேல். அப்போது இரும்பு வணிகர் யார் வந்தார்?

ஏரிக்கரை:
நன்றி தூரிகை! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கல்வெட்டு ஐயா, எலும்பு வந்துவிட்டது.

கல்வெட்டு:
டென்னசி எங்கே, நியூயார்க் எங்கே? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வேறு மக்கள், வேறு காலம். திருநெல்வேலியில் தாழி கிடைத்தால் காசியில் தாழி செய்தார்கள் என்று முடிவு கட்டுவீர்களா?

செனெகா ஊர்களில் எலும்புத் துறப்பணங்கள், அதாவது துளையிடும் கூர்முனைக் கருவிகள், கிடைத்திருக்கின்றன, நானே சொல்கிறேன். அவை தோல் தைக்கப் பயன்பட்டவையாக இருக்கலாம். அவற்றுள் ஒன்றில் நிறமி இருந்தது என்று காட்டுங்கள். எலும்பு ஊசி ஒன்று. ஒன்றே ஒன்று.

ஏரிக்கரை:
சரி, எலும்பை விட்டுத் தள்ளுங்கள். முள் இருக்கிறதே! பிரான்செஸ்கோ பிரெசானி, இத்தாலியப் பாதிரியார். 1644இல் ஹோடினோஷோனியிடமே கைதியாகப் பிடிபட்டு விரல்களை இழந்தவர். 1653இல் அச்சான நூலில் பச்சைகுத்துவதை விவரிக்கிறார்: ஊசி, கூரிய துறப்பணம், முள் ஆகியவற்றால் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் கழுகு, பாம்பு போன்ற உருவங்களைக் குத்துகிறார்கள். இரத்தம் கசியும் கோட்டின்மேல் கரித்தூளைத் தேய்க்கிறார்கள். கரி இரத்தத்தோடு கலந்து தோலுக்குள் இறங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் இது ஆபத்து, இதனால் இறந்தவர்களும் உண்டு என்கிறார். எத்தனை வலித்தாலும் ஒரு முனகல்கூட வராது என்றும் சொல்கிறார். முள்ளை எந்த டச்சுக் கப்பல் கொண்டுவந்தது?

கல்வெட்டு:
முதல் சொல்லை மீண்டும் படியுங்கள். "ஊசி." பிரெசானி முதலில் சொல்வது ஊசியை. தாங்கள் எழுதியதுதான்.

மேலும், அந்தப் பகுதியிலும் அவர் எல்லோரையும்விட அதிகமாகக் குத்திக்கொள்பவர்கள் என்று பெயர் சொல்வது யாரை? பெட்டூனையும் நியூட்ரலையும். ஒவ்வொரு சாட்சியையும் கூப்பிடுகிறீர்கள், ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக்காரரைப் பற்றியே சாட்சி சொல்கிறார்.

ஏரிக்கரை:
"ஊசி" என்றால் இரும்பு என்று அங்கே எழுதியிருக்கிறதா? எலும்பால் ஊசி செய்ய முடியாதா? தங்களுக்கு வேண்டிய இடத்தில் ஊசி இரும்பாகிறது, எனக்கு வேண்டிய இடத்தில் பெட்டூன் வேற்றாளாகிறான்.

இனி நான் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருகிறேன், இதைப் பற்றி இதுவரை ஒருவர்கூட வாய்திறக்கவில்லை. லாஃபிட்டோ என்ற பாதிரியார் 1712 முதல் சில ஆண்டுகள் மொன்ட்ரியால் அருகே கானவாகே மோஹாக் மக்களிடையே இருந்தார். 1724இல் அவருடைய பெரிய நூல் வந்தது. போருக்குப் போகும் வீரன் வழியில் ஒரு மரத்தின் பட்டையை உரித்து அங்கே தன்னை வரைந்துவிட்டுப் போவான் என்கிறார். எப்படி? தலைக்கு ஒரு வெளிக்கோடு. கண் இல்லை, மூக்கு இல்லை. அதற்குப் பதிலாகத் தன் முகத்திலும் மார்பிலும் குத்தியிருக்கும் கோடுகளை அப்படியே போடுவான். தலைக்குமேல் தன் பெயரைக் குறிக்கும் உருவம், பக்கத்தில் குல விலங்கு. அடுத்து அந்த வழியாக வருபவன், இன்னார் இத்தனை பேரோடு இங்கே கடந்து போனார் என்று படித்துவிடுவான்.

எண்ணிப்பாருங்கள். அவனுடைய முகம் என்பதே அந்தக் கோடுகள்தான். மூக்கும் கண்ணும் எல்லோருக்கும் இருக்கின்றன, கோடுகள் அவனுக்கு மட்டும். அதை ஊர் முழுவதும் அறிந்திருந்தது, காட்டில் பார்த்தும் அடையாளம் கண்டது. தொடையில் கொன்றவர்களின் கணக்கைக் குத்தி வைத்திருந்த படைத்தலைவன் ஒருவனைப் பிரெஞ்சுக்காரர்கள் 1660களில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீரோ என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள், அறுபது பேரின் கணக்கு அவன் தொடையில். போர்ப் பதக்கமும் கையெழுத்தும் குலச்சின்னமும் எல்லாம் ஒரே தோலில் இருந்தன. இப்படி ஒரு முழு எழுத்துமுறை சில தலைமுறைகளில் ஒரு வணிகப் பொருளிலிருந்து முளைத்துவிடுமா? இதைக் குத்தியது இரும்பா எலும்பா என்று கேட்பவருக்கு அந்த மக்கள்மேல் அக்கறை இல்லை. அவர்களுடையது என்று எதையும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அதுதான் செய்தி.

கல்வெட்டு:
நீண்ட பதிவு. உணர்ச்சி நிறைய. 1712, 1724, 1660கள். எல்லாம் இரும்புக்குப் பிறகு.

தூரிகை:
குல விலங்கு என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஆமை உருவம் வேண்டும் என்று என் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள், நம்மவர்களும் வருகிறார்கள். வெரெல்ஸ்ட் ஓவியத்தைப் பார்த்து அதே கோடுகளைக் கேட்டவரும் உண்டு. அழகாக இருக்கிறது என்கிறார்கள். நான் குத்தித்தருகிறேன். இதில் தவறு இருக்கிறதா?

ஏரிக்கரை:
இருக்கிறது தம்பி, பெரிய தவறு. ஆமை அங்கே அலங்காரம் கிடையாது. மோஹாக் மக்களுக்குக் கரடி, ஓநாய், ஆமை என்று மூன்று குலங்கள். குலம் தாய் வழியே வருகிறது. யாரை மணக்கலாம், யாரை மணக்கக்கூடாது, யார் வீட்டில் தங்கலாம், எந்தக் குலத்தாய் எந்தத் தலைவரை நியமிப்பார் என்பதெல்லாம் அதில் அடங்கும். ஆமையை மார்பில் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றால் "நான் இன்ன தாயின் பிள்ளை" என்று சொல்வதாகப் பொருள். தாங்கள் காசு வாங்கிக்கொண்டு பொய்ச் சான்றிதழ் எழுதித்தருகிறீர்கள்.

தூரிகை:
பொய்ச் சான்றிதழா? சற்று முன்பு "நன்றி தூரிகை, இதைத்தான் தேடினேன்" என்றீர்கள். எலும்பு வேண்டியபோது தொழிலாளி நல்லவன், இப்போது திருடன். உலகம் முழுவதும் ஆமை இருக்கிறது. ஹவாயிலும் குத்துகிறார்கள். ஆமையைக் குத்த யாரிடம் போய் நான் உரிமம் வாங்குவது?

ஏரிக்கரை:
ஹவாய்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதையே சொல்வார்கள். பொதுவான ஆமை வேறு. அந்த ஓவியத்தில் இருக்கும் கோடுகளை அப்படியே எடுத்து இன்னொருவர்மேல் போடுவது வேறு. இறந்துபோன ஒரு மனிதரின் முகத்தைக் கழற்றி விற்கிறீர்கள்.

கல்வெட்டு:
இதுதான் வேடிக்கை. ஒருவரும் எடுக்கக்கூடாத மரபு என்கிறார். அதே மரபை இன்று மீட்டெடுக்கும் இளைஞர்கள் எங்கிருந்து எடுக்கிறார்கள்? வெள்ளைக்காரர் வரைந்த ஓவியத்திலிருந்து, பாதிரியார்கள் எழுதிய குறிப்பிலிருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முகத்தில் பச்சைகுத்தும் வழக்கம் அற்றுப்போய்விட்டது. அறுந்த கயிற்றின் இரண்டு முனைகளை லண்டன் ஓவியத்தால் முடிச்சுப் போட்டுவிட்டு, தொடர்ச்சி என்கிறீர்கள்.

ஏரிக்கரை:
அற்றுப்போனதா? அறுத்தார்கள்! 1779இல் வாஷிங்டனின் ஆணைப்படி தளபதி சல்லிவனின் படை நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களைக் கொளுத்தியது. கதிர் முற்றிய சோள வயல்களையும் பழத்தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. தப்பியவர்கள் நயாகராக் கோட்டையருகே குளிரிலும் பட்டினியிலும் செத்தார்கள். பிறகு பாதிரியார்கள். பிறகு பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உண்டுறைப் பள்ளிகள். நான் வசிக்கும் ஒண்டாரியோவின் பிராண்ட்ஃபோர்டில் மோஹாக் இன்ஸ்டிடியூட் என்ற அப்படியொரு பள்ளியின் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1970 வரை நடந்தது. அங்கே பிள்ளைகள் தாய்மொழியில் பேசினாலே தண்டனை. அந்தப் பள்ளியிலிருந்து வெளிவந்த பிள்ளை முகத்தில் குலக்குறியோடு வரவில்லை என்பதைத் தங்கள் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறீர்களா?

மீட்டெடுப்பவர்களுக்கு ஓவியம் மட்டும்தான் ஆதாரம் என்பதும் தவறு. பதினேழாம் நூற்றாண்டுச் செனெகா ஊர்களில் கிடைத்த மான்கொம்புச் சீப்புகளில் கரடியும் மனித உருவங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. வாம்பம் பட்டைகளின் உருவங்கள் இருக்கின்றன. 1701இல் மொன்ட்ரியாலில் செய்த பெரும் சமாதான உடன்படிக்கையில் நாடுகள் விலங்குகளையும் பறவைகளையும் வரைந்தே கையெழுத்திட்டன. சீப்பிலும் பட்டையிலும் ஒப்பந்தத்திலும் தோலிலும் ஓடுவது ஒரே கை.

கல்வெட்டு:
சீப்பு சீவுவதற்கு. நான் கேட்டது ஊசி.

மேப்பிள்நிழல்:
ஏரிக்கரை அக்கா, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எல்லோரையும் ஏதோ கொள்ளைக்காரர்கள் போலப் பேசுவது சரியில்லை. நாங்கள் இலங்கையிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள். இங்கே யாருடைய மரபையும் அழிக்கவில்லை.

ஏரிக்கரை:
நீங்கள் எங்கே வீடு வாங்கியிருக்கிறீர்கள்? கிச்சனரில் என்று முன்பு எழுதினீர்கள். 1784இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்ட் கிராண்ட் நதியின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு ஹோடினோஷோனி மக்களுக்குக் கொடுத்த நிலம் அது. ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் ஏக்கர். இன்று அவர்கள் கையில் இருப்பது சுமார் 46,000. என் வீடும் அதே நிலத்தில்தான் நிற்கிறது, மறுக்கவில்லை. நிலத்தை இழந்தவர்களிடம் உடம்பு மட்டும் மிச்சம் இருந்தது, அதிலும் போய் "இரும்பா எலும்பா" என்று சோதனை போடாதீர்கள் என்கிறேன்.

மேப்பிள்நிழல்:
வங்கியில் கடன் வாங்கி, பத்திரம் பதிந்து வாங்கிய வீடு. பச்சைகுத்து பற்றிய இழையில் என் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பது என்ன நாகரிகம்? 2006இல் கலிடோனியாவில் அவர்கள் நிலத்துக்காக மறியல் நடத்தியபோதும் இப்படித்தான் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினீர்கள்.

வேம்படி:
என்னையும் தொய்யிலுக்காக விரட்டினார். இந்த இழையில் அவரைத் தவிர வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது போலும்.

ஏரிக்கரை:
கலிடோனியாவில் நான் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. யார் ஏறிக்கொண்டார்களோ அவர்களைக் கேளுங்கள். வேம்படி, தங்கள் தொய்யிலுக்குத் தனி இழை திறந்து தாருங்கள், முதல் ஆளாக வந்து படிக்கிறேன். இங்கே வேண்டாம்.

கல்வெட்டு ஐயாவிடம் இப்போது நான் கேட்கிறேன். ஹோடினோஷோனி மக்கள் இரும்பு ஊசி வருவதற்கு முன்பு வெறும் சாயம் மட்டும்தான் பூசினார்கள் என்று நேரில் பார்த்து எழுதியவர் யார்? பெயர், ஆண்டு, ஊர். சகாரைத் தள்ளினீர்கள், பிரெசானியைத் தள்ளினீர்கள், லாஃபிட்டோவைத் தள்ளினீர்கள், டென்னசியைத் தள்ளினீர்கள். தங்கள் பக்கத்துச் சாட்சி எங்கே?

கல்வெட்டு:
இல்லாததற்குச் சாட்சி கேட்கும் வழக்கத்தை இன்றுதான் பார்க்கிறேன். இருக்கிறது என்று சொன்னவர்தான் காட்ட வேண்டும். எலும்பு ஊசி ஒன்று.

ஏரிக்கரை:
"சாயம் பூசினார்கள்" என்று உறுதியாகச் சொன்னவர் தாங்கள். அதைத்தான் கேட்கிறேன். பெயர், ஆண்டு, ஊர்.

கல்வெட்டு:
ஊசி.

தூரிகை:
என்னைப் பொய்ச் சான்றிதழ் எழுதுபவன் என்றதற்கு இன்னும் பதில் வரவில்லை. மன்னிப்புக் கேட்கும்வரை ஃபெர்ன்வேல் ஆய்வைப் பற்றி நான் எழுதியதைத் தங்கள் வாதத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஏரிக்கரை:
ஆய்வு தங்கள் சொத்தல்ல தம்பி. ஆமையும் அல்ல.